ஓபேத் கிரிம்ஷாவின் இரண்டாவது கடிதம்

ஓபேத் கிரிம்ஷாவுக்கு உயிரைவிடப் பெயர் பெரிது. நல்ல பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், பேப்பரில் வந்த பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக முதலில் தன் உயிரைப் பணயம் வைத்தான், பிறகு அடுத்தவர் உயிரை வைத்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், பக்கத்து வீட்டுக்காரன். ஆனாலும் 'அவர்' போட்டு எழுதக் கை வரவில்லை.

தார்ன்பெக் தானியக் கிடங்கில் மூட்டைகளுக்கு எடை போடுவது அவன் வேலை. ஊர் பார்லியை எல்லாம் அவுன்ஸ் பிசகாமல் நிறுத்தவன், வீட்டில் ஆட்டுக்கொழுப்புப் புட்டிங்கை மட்டும் எடை பார்க்காமல் உள்ளே தள்ளினான். நாற்பத்தெட்டு வயதில் வயிறு உப்பிவிட்டது. நெஞ்சு எரிந்தது, படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் பெல்வுட் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, கொழுப்பையும் குடல் வறுவலையும் பீரையும் நாற்பது நாள் விடச் சொன்னார். ஓபேத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நோய்க்குப் பெயர் கேட்டால் மனுஷன் தீனியைச் சொல்கிறாரே என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வாரம் எங்கள் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் மெர்ரிடன் ஜீவ மாத்திரை விளம்பரத்தைப் பார்த்து ஒரு பெட்டி வாங்கினான். பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. மாத்திரை சாப்பிடும் நாற்பது நாளும் கொழுப்பு, குடல், பீர் மூன்றும் ஆகாது என்று அதில் அச்சடித்திருந்தார்கள். டாக்டர் வாயால் சொன்னபோது கசந்த அதே சங்கதி, அச்சில் வந்ததும் ஓபேத்துக்கு வேதவாக்காகிவிட்டது. மூன்றையும் விட்டான். வயிறு வற்றியது. மாத்திரையில் இருந்ததெல்லாம் கொஞ்சம் சோப்பும் கொஞ்சம் கரியபோளமும்தான், பேதிக்கு ஆகும்.

உடனே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டான். ஊர் மருத்துவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டதாகவும், சவத்துணி தைத்து வைக்கும்படி தன் மனைவியிடம் சொன்னதாகவும், ஏழே பெட்டியில் எமன் வாயிலிருந்து மீண்டதாகவும் அதில் எழுதியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அவனிடமிருந்து ஒரு போட்டோ வாங்கி, அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கி, மீசைக்கு இன்னும் கொஞ்சம் கம்பீரம் சேர்த்து, இங்கிலாந்து முழுக்க உள்ள பேப்பர்களில் போட்டார்கள். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு டாக்டர். 'ஊர் மருத்துவர்கள்' யார் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெல்வுட்டிடம் போகிறவர்கள் அந்த வருஷமே குறைந்துபோனார்கள்.

நான் தார்ன்பெக் ஹெரால்டில் அச்சுக் கோப்பவன். பதினாறு வருஷமாக அந்தப் பேப்பரை எழுத்து எழுத்தாகக் கோத்தவன் என்பதால், அதை நம்புகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. எங்கள் ஆசிரியர் மிஸ்டர் டிங்லியின் முக்கியமான ஆயுதம் பேனா அல்ல, கத்திரிக்கோல். லண்டன் பேப்பர்களை வெட்டி ஒட்டி, கிழமையை மட்டும் மாற்றுவார். 'வரி செலுத்தும் ஒருவன்' என்ற பெயரில் வாராவாரம் ஆசிரியருக்கு வரும் காரசாரமான கடிதத்தை எழுதுவது அவரே. அதற்கு 'நியாயத்தின் நண்பன்' எழுதும் பதிலும் அவர் கைவண்ணம்தான். இந்த இரண்டு பேருக்காக ஊரில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு தடவை சாராயக்கடையில் மண்டை உடைந்ததுகூட உண்டு. தலையங்கத்தில் மட்டும் மாதத்துக்கு ஒரு முறை, பத்திரிகை என்பது உண்மையின் விளக்கு என்று வரும்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது மெர்ரிடன் கம்பெனி. அவர்கள் விளம்பரம் லண்டனிலிருந்து ரயிலில், வைக்கோலில் பொதிந்து, முழுத் தகடாக வார்த்தே வந்துவிடும். எழுத்து கோக்க வேண்டிய வேலையே இல்லை. கடைசிப் பக்கத்தில் அதற்கென்று விட்ட இடத்தில் தூக்கி வைத்து முடுக்கினால் போதும். ஆக வாராவாரம் ஓபேத்தின் முகத்தைத் துடைத்து வைத்து மை தடவுகிறவன் நானே.

படம் வந்த பிறகு ஆள் நடையே மாறிப்போயிற்று. கிடங்குக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனான். கோட்டுப் பையில் அந்த விளம்பரத்தின் வெட்டுத்துண்டு எப்போதும் இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் வாசகசாலையில், படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த நாற்காலியை ஓபேத் பிடித்துக்கொண்டான். மந்திரிசபை, தானிய விலை, கொலை வழக்கு எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்துக்கு வந்து, "தார்ன்பெக்கைச் சேர்ந்த மிஸ்டர் ஓ. கிரிம்ஷா எழுதுவதாவது" என்று யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படிப்பது போலப் படிப்பான். வாராவாரம் அதே கடிதம். கேட்கிறவர்களும் வாராவாரம் தலையாட்டுவார்கள்.

விளம்பரத்தில் அவன் விலாசம் இருந்ததால் வெளியூர்களிலிருந்து நோயாளிகள் கடிதம் போட்டார்கள். ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தருக்குக் காக்காய் வலிப்பு, ஒருத்தி பிள்ளை பெற்றதிலிருந்து எழுந்திருக்கவில்லை. எல்லாருக்கும் ஓபேத் பதில் எழுதினான். எல்லாப் பதிலும் ஒன்றே: மாத்திரையை விடாதீர்கள், டாக்டரை நம்பாதீர்கள். தபாலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவன் மனைவி கெசியாவுடையது. அவள் அதிகம் பேசாதவள். புட்டிங்கை நிறுத்திய கை அவளுடையது என்பதால் குணமானதன் ரகசியம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

படம் வந்த மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் ஓபேத்துக்குத் தொண்டை கட்டியது. வெள்ளிக்கிழமை குரல் போயிற்று. சனிக்கிழமை எச்சில்கூட இறங்கவில்லை. மாத்திரையை விழுங்க முடியாததால் பொடித்து வெந்நீரில் கரைத்து ஊற்றினார்கள், அது மூக்கு வழியாக வெளியே வந்தது. கெசியா டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, சிலேட்டை வாங்கி 'கூடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். டாக்டர் வண்டி வாசலில் நின்றால் ஊர் பார்க்கும். பேப்பரில் வந்தது பொய்யாகிவிடும். அதற்குச் செத்துப்போவது மேல் என்று அவன் உண்மையிலேயே நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்க ஆராதனைக்குப் போயிருந்த நேரம், கெசியா நடுச்சுவரைத் தட்டினாள். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். ஓபேத் கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரூபன், பெல்வுட்டைக் கூட்டிட்டு வா. வரமாட்டேன்னு சொன்னார்னா அவர் வாசல்லயே உக்காந்துக்கோ. இவர் சம்மதம் எனக்கு வேண்டாம்" என்றாள் கெசியா.

அந்த நிலையிலும் ஓபேத் கையை நீட்டிச் சிலேட்டைக் கேட்டான். மூச்சுக்குத் திண்டாடுகிற மனுஷன், கடைசியாக ஏதோ மனைவிக்குச் சொல்லப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். 'பின் வாசல்' என்று எழுதிக் காட்டினான்.

டாக்டர் முட்டையை உடைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தையும், கூசிக்கொண்டே பின் வாசல் சமாசாரத்தையும் சொன்னதும், அவர் நாப்கினை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "சவத்துணி தைச்சாச்சான்னு விசாரிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாம்பல் குழியையும் பன்றிக் கொட்டடியையும் தாண்டி, சேற்றில் பூட்ஸ் புதைய, நாங்கள் பின்சந்து வழியாக வந்தோம். ஓபேத்தின் வாயைத் திறந்து, கரண்டியால் நாக்கை அழுத்தி, உள்ளே புடைத்திருந்த கட்டியில் சின்னக் கத்தியால் ஒரு கீறல். அரை நிமிஷம் ஆகியிருக்காது. கெசியா பிடித்திருந்த கிண்ணம் சீழால் பாதி நிறைந்தது. ஓபேத் காற்றை இழுத்த சத்தம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அவனுக்குத் திரும்பக் கிடைத்த குரலில் முதலில் வந்த வார்த்தை நன்றி அல்ல. "வர்றப்போ யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டான்.

"பன்னி பாத்துச்சு" என்றார் டாக்டர். கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார்.

இத்தோடு ஆளுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் கழித்து லண்டனிலிருந்து புதுத் தகடு வந்தது. வைக்கோலைப் பிரித்தேன். அதே மீசை, மேலே பெரிய எழுத்தில் 'இரண்டாம் முறையும் காப்பாற்றப்பட்டார்'. கோழி முட்டை அளவு கட்டி தொண்டையை அடைத்ததாகவும், ஆறு மாத்திரையைப் பொடி செய்து வெந்நீரில் குடித்ததாகவும், ஞாயிறு ஆராதனை மணி ஓய்வதற்குள் கட்டி தானாக உடைந்ததாகவும், எந்த மருத்துவரையும் தன் வாசற்படி மிதிக்கவிடவில்லை என்றும் எழுதியிருந்தான். ஈயத்தில் தலைகீழாக வார்த்திருந்ததை நான் நின்றபடியே படித்து முடித்தேன். பிறகு இடத்தில் வைத்து முடுக்கினேன். அது என் வேலை.

அன்று நடுச்சுவர் வழியாகக் கெசியாவின் குரல் கேட்டது. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. எப்படி எழுத மனசு வந்தது என்று கேட்டாள். "அவன் முன் வாசல்ல வரலையேடி, வாசப்படிய மிதிக்கலையே, இதுல பொய் எங்க இருக்கு?" என்றான் ஓபேத். அந்த வாரம் வாசகசாலையில் புதுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். இரண்டாவது தடவை படிக்கச் சொன்னது கேட்டுக்கொண்டிருந்தவர்களே.

மே மாதம் செல்பி பக்கத்துக் கால்வாய் மதகு காவலர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர் ஆமோஸ் டிண்டால். கெசியா அதை என்னிடம் காட்டினாள், பிறகு நானே பலமுறை மனதுக்குள் படித்துவிட்டேன். "ஐயா, தங்கள் இரண்டாவது கடிதத்தைப் பேப்பரில் படித்துவிட்டு, வந்திருந்த டாக்டரைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் மகளுக்குத் தொண்டையில் தங்களுக்கு வந்தது போலவே வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் போய்விட்டாள். வயது பதினொன்று. தாங்கள் ஆறு மாத்திரை என்று எழுதியிருந்தீர்கள். சின்னப் பெண் என்று நாங்கள் நான்குதான் கொடுத்தோம். பிழை அதுதானா என்று தெரிவித்தால் என் மனைவிக்கு ஆறுதலாக இருக்கும். பதிலுக்கு ஸ்டாம்பு வைத்திருக்கிறேன்."

ஓபேத் படித்துவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டினானாம். "நாலுதான் குடுத்திருக்காங்க, அப்புறம் எப்படி?" என்று சொல்லி மசிக்கூட்டை எடுக்கப் போனானாம். கெசியா கடிதத்தைப் பறித்துக்கொண்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் அச்சகத்துக்கு வந்தாள்.

டிங்லி எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவருக்கு மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. கெசியா உட்காரவில்லை. டாக்டர் வந்து கீறித்தான் தன் புருஷன் பிழைத்தான் என்று நாலே வரி போட வேண்டும், தன் பெயரிலேயே போட வேண்டும், இந்த மாதிரிக் கடிதம் இன்னும் எத்தனை வீட்டிலிருந்து வருமோ என்று கேட்டாள். டிங்லி கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கண்ணீர் எப்போதும் கைவசம் இருக்கும். பிறகு, ஒரே பக்கத்தில் ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாகப் போட்டால் பேப்பரை யார் நம்புவார்கள் என்று அவளையே கேட்டார். மாத்திரை கம்பெனியோடு அடுத்த வருஷம் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்றார்.

அவள் போன பிறகு என் பக்கம் வந்தார். நான் தலை நிமிராமல் எழுத்துகளை அறை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடைசிப் பக்கம்தான் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போடுது, ரூபன். ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

சனிக்கிழமை சாயந்திரம் வாசகசாலையில் முப்பது பேர் இருந்திருப்போம். பெண்கள் அங்கே வருவதில்லை. ஓபேத் கொலை வழக்கை முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது கெசியா உள்ளே வந்து நடுவில் நின்றாள். மதகு காவலரின் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஸ்டாம்பு வரைக்கும், தடுமாறாமல் படித்தாள்.

"தொண்டைக் கட்டி தானா உடையல. டாக்டர் பெல்வுட் வந்து கீறிவிட்டாரு. கிண்ணத்தப் பிடிச்சது நான். உங்க வீட்டுல யாருக்காவது தொண்டை கட்டினா டாக்டரக் கூப்பிடுங்க. வெளியூர்ல சொந்தக்காரங்க இருந்தா எழுதிப் போடுங்க. நான் கேக்குறது அவ்வளவுதான்" என்றாள்.

சேணம் தைக்கிற ஜப்தா ஓல்ராய்டு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தான். "பேப்பர்ல அப்படிப் போடலையேம்மா" என்றான். வேண்டுமானால் பெல்வுட்டையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள் அவள். பெல்வுட் வேறு எப்படிச் சொல்வார், தொழில் படுத்துப்போன ஆத்திரம் இருக்காதா என்று இன்னொருவன் பின்னாலிருந்து சொன்னான். எல்லாரும் ஓபேத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அவனுக்கு நேரமும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான்.

"அந்தக் கடுதாசி வந்ததுலருந்து அவ கண்ண மூடல" என்றான், மிகவும் அன்பாக. "பிள்ளை இல்லாதவ, பாருங்க, அந்தப் பொண்ணு போனது மனசுல தச்சுப்போச்சு. எது நடந்தது, எது நடக்கலன்னே தெரியல அவளுக்கு. ராத்திரிக்கு ரெண்டு மாத்திரை குடுக்கறேன். ஒரு வாரத்துல சரியாயிடும்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேருக்கும் பாரம் இறங்கியது போலிருந்தது. பாவம், பாவம் என்றார்கள். ஜப்தா எழுந்து கெசியாவுக்குத் தன் நாற்காலியைத் தள்ளிவிட்டான். அவள் அதைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ரூபன் இருக்கான். டாக்டரக் கூட்டிட்டு வந்தது அவன்தான். சொல்லு ரூபன்."

முப்பது தலையும் என் பக்கம் திரும்பின. எனக்கு அச்சடித்த எதன் மேலும் நம்பிக்கை கிடையாது, இந்த ஊரை மாதிரி முட்டாள்தனமாக எதையும் நம்புகிறவன் நான் இல்லை, இதையெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தவன். ஓபேத் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இருந்ததைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் அவன் உயிர் என் கையில் இருந்தது, மதகு காவலர்களின் மகள்கள் எத்தனை பேரோ அவர்கள் உயிரும்.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

கெசியா கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஓபேத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து படித்தான். கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. நானும் உட்கார்ந்து கேட்டேன்.